போர் நடக்கிற நாட்டுல மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பாக்க காசு அனுப்பறது சரியா?

பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். நாமக்கல்ல கால்நடை மருத்துவம் மூணாவது வருஷம் படிக்கிறாராம். போன்ல ஒரு விளம்பரம் வந்திருக்கு, குண்டு விழுந்த தெருவுல முதுகெல்லாம் புண்ணா ஒரு கழுதை, பக்கத்துல எலும்பும் தோலுமா ஒரு நாய்க்குட்டி, மாசம் 500 ரூபா குடுங்கன்னு. அனுப்பலாம்னு இருந்தவரை அவங்க மாமா "அங்க மனுசனுக்கே மருந்து இல்ல, நீ கழுதைக்கு அனுப்பறியா"ன்னு கேட்டுட்டார். பதில் சொல்ல முடியல, அனுப்பறது நியாயமா, படிப்பு முடிச்சதும் நானே அந்த மாதிரி நாட்டுக்குப் போய் வேலை பாக்கலாமான்னு கேக்கறார். ரெண்டு மூணு கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இருக்கறது ஒண்ணுதான், அங்க ஒரு மாட்டுக்குப் போடற ஊசி ஒரு மனுசன் கிட்ட இருந்து புடுங்குனதா ஆகுமா ஆகாதா. ஆகாது தம்பி, பெரும்பாலும் ஆகாது. ஆனா எல்லா அமைப்பும் செய்யற வேலை ஒண்ணு இல்ல, சிலது உண்மையாவே கெடுதல்ல முடியும், அதுல நானும் ஒரு தடவை பங்கெடுத்திருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நான் நாமக்கல்ல படிச்சவன்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் மாட்டு டாக்டரா இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, சினை ஊசி போட்டு, மடிநோய் பாத்து, ராத்திரி ரெண்டு மணிக்கு கன்னு இழுத்து இதே பொழப்பு. நடுவுல 2012ல ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் மூலமா தெற்கு சூடான் போய், 2013 டிசம்பர்ல சண்டை வெடிச்சப்ப கிளம்பி வந்தேன். ரெண்டு வருஷத்துக்கு கொஞ்சம் கம்மி, ஒரே ஒரு மாநிலம், அவ்வளவுதான் என் கண்ணால பாத்தது. ஆப்கானிஸ்தான், ஈராக் பத்தி கீழ சொல்றது எல்லாம் படிச்சதும், அங்க வேலை பாத்தவங்க கிட்ட உக்காந்து கேட்டதும். அந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

நான் இருந்த ஊர் பேரு போர். ஆமா, பேரே அதுதான், ஜோங்லே மாநிலத்துக்குத் தலைநகர், வெள்ளை நைல் ஆத்தங்கரை. சூடானோட ரெண்டாவது உள்நாட்டுச் சண்டை 1983ல ஆரம்பிச்சதே இந்த ஊர் ராணுவ முகாம்ல நடந்த கலகத்துலதான், 2005 வரைக்கும் ஓடுச்சு. நாடு தனியாப் பிரிஞ்சது 2011 ஜூலை 9. அங்க இருக்கற டிங்கா மக்களுக்கு மாடுன்னா என்னன்னு நான் போற வரைக்கும் எனக்குப் புரியல, இத்தனைக்கும் நான் மாட்டு டாக்டர். விடியக்காலம் மாட்டு முகாமுக்குப் போனா முதல்ல புகைதான் தெரியும், சாணி வரட்டி எரிச்ச புகை, கொசுவும் ஈயும் வராம இருக்க. அதுக்குள்ள நுழைஞ்சா நூத்துக்கணக்குல மாடு, ஒவ்வொண்ணும் அதோட முளைக்குச்சியில, கொம்பு ரெண்டும் கையை விரிச்ச மாதிரி அகலமா, பசங்க உடம்பு பூரா சாம்பல் பூசிக்கிட்டு மாட்டு மேலயும் சாம்பலைத் தேச்சு விட்டுட்டு இருப்பாங்க. நம்ம ஊர்ல காரி, செவலை, மயிலைன்னு நிறத்தை வெச்சு கூப்பிடற மாதிரி அவங்களுக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பேரு இருக்கு, அந்தப் பேரையே மனுசனுக்கும் வெப்பாங்க. அந்த நாட்டோட பெரிய தலைவர் ஜான் காரங், அவர் அப்பா பேரு மாபியோர், மாபியோர்னா வெள்ளைக் காளைன்னு அர்த்தம்.

அந்த மாட்டு முகாம் பக்கம் பேங்க் கிடையாது, இருந்தாலும் பணத்துக்கு நாளைக்கு என்ன மதிப்புன்னு யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு பொண்ணு வீட்டுக்குக் குடுக்கறது மாடு, ஒரு கொலை விழுந்துட்டா பழிக்குப் பழி போகாம இருக்க நஷ்ட ஈடா குடுக்கறதும் மாடுதான், சின்னக் குழந்தைங்களுக்கு பல மாசம் பாலைத் தவிர வேற சத்தான சாப்பாடு இருக்காது. முகாம்ல மாடு செத்தா மறு வாரம் அங்க இருக்கற குழந்தைங்க வயிறு ஒட்டிப் போறதை நானே பாத்திருக்கேன். உங்க மாமா கேட்டது நல்ல மனசுல கேட்டதுதான், ஆனா அவர் மனுசன் ஒரு பக்கம் மாடு ஒரு பக்கம்னு பிரிச்சு வெச்சுக் கேக்கறார், அந்த ஊர்ல அப்படிப் பிரிச்சு நிக்க வைக்கவே முடியாது. மாமாவோட ஊர்ல ரெண்டு கறவை வெச்சு சொசைட்டிக்கு பால் ஊத்தற வீட்டுல ஒரு மாடு கோமாரியில படுத்துட்டா அந்த மாசம் என்ன ஆகும்னு அவரையே கேளுங்க. அங்க சொசைட்டியும் இல்ல, ரேஷன் கடையும் இல்ல, மாட்டாஸ்பத்திரியும் இல்ல.

இதுக்கு சூடான் வரைக்கும் கூட போக வேணாம். ஊத்தங்கரை பக்கம் பாம்பாறு அணைகிட்ட இருக்கற இலங்கைத் தமிழர் முகாம்ல ஒரு அம்மாவோட ஆட்டைப் பாக்கப் போயிருந்தேன், வயிறு உப்புசம். ஆடு எந்திரிச்சு நின்னதுக்கு அப்புறம் டீ குடுத்துட்டு அவங்க 1990ல ஊரை விட்டு வந்த கதையைச் சொன்னாங்க. வீடு, நகை, நிலம் எதையும் சொல்லல. "கயித்தை அவிட்டு விட்டனான் தம்பி, அது போகேல்லை, எங்களுக்குப் பின்னாலயே கடக்கரை மட்டும் வந்தது"ன்னு மாட்டைப் பத்தித்தான் சொன்னாங்க. அப்ப அதுக்கு ஏழு மாசச் சினையாம். முப்பது வருஷம் கழிச்சும் சினை மாசம் ஞாபகம் இருக்கு.

இனி உறுதியா, எந்த சந்தேகமும் இல்லாம சொல்லக்கூடியதைச் சொல்றேன். சண்டை நடக்கற நாட்டுல கால்நடை வைத்தியம் வீண் வேலை இல்லைங்கறதுக்கு பெரிய சாட்சி வெக்கை நோய். உங்களுக்கு பாடத்துல ரிண்டர்பெஸ்ட்னு வந்திருக்கும், உங்க தாத்தாவைக் கேட்டா வெக்கைன்னு சொல்லுவார், ஊரோட மாட்டை வாரிக்கிட்டுப் போன நோய். நம்ம நாட்டுல அது கடைசியா பதிவானது 1995ல, அதுவும் நம்ம தமிழ்நாட்டுலதான். உலகத்துல இருந்தே ஒழிஞ்சு போச்சுன்னு 2011ல அறிவிச்சாங்க, பெரியம்மைக்கு அப்புறம் மனுசன் பூண்டோட அழிச்ச ரெண்டாவது நோய் இதுதான். அந்த நோய் கடைசி கடைசியா ஒளிஞ்சுக்கிட்டு இருந்த இடங்கள்ல தெற்கு சூடான் ஒண்ணு, ஏன்னா அங்க சண்டை, டாக்டர் போக முடியாது, ரோடு இல்ல, கரண்ட் இல்ல, பழைய தடுப்பூசியை 2ல இருந்து 8 டிகிரிக்குள்ளயே வெச்சிருக்கணும்.

அந்த ஐஸ் பிரச்சனை எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியும். அஞ்செட்டிக்கு மேல மலை கிராமத்துக்கு தெர்மாகோல் பெட்டியை வண்டியில கட்டிக்கிட்டு போயிருக்கேன், பாதி வழியில பாத்தா ஐஸ் தண்ணியாகி பாட்டிலெல்லாம் மிதக்கும், திரும்பறதா போறதான்னு நடு ரோட்டுல நின்னிருக்கேன். நமக்கு அரை நாள் பயணத்துக்கே இந்தக் கதின்னா அங்க ஒரு முகாமுக்கு நடந்து போகவே நாலு நாள் ஆகும். அதுக்கு ஜெஃப்ரி மரைனர்ங்கற அமெரிக்க கால்நடை மருத்துவர் ஒரு வழி பண்ணார், பழைய தடுப்பூசியையே சூடு தாங்கற மாதிரி உறைய வெச்சு உலர்த்தி, ஐஸ் இல்லாம ஏறக்குறைய ஒரு மாசம் வீரியம் போகாம இருக்கற மாதிரி. ஆனா ஊசி மட்டும் நோயை ஒழிக்கல. யுனிசெஃப்போட சேர்ந்து வேலை பாத்தவங்க 1993ல இருந்து என்ன பண்ணாங்கன்னா, மாடு வெச்சிருக்கறவங்களே அவங்களுக்குள்ள ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அந்த ஆளுக்கு சில நாள் பயிற்சி குடுத்து ஊசியையும் பெட்டியையும் கையில குடுத்துட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூட அதுல இருந்தாங்க, ஆனா மாட்டைத் தெரியும், வழியைத் தெரியும், எந்தப் பக்கம் யார் துப்பாக்கி வெச்சிருக்காங்கன்னு தெரியும். வருஷத்துக்கு ஒண்ணரை லட்சம் கூட எட்டாம இருந்த தடுப்பூசி பத்து லட்சத்தைத் தாண்டுச்சு. சண்டை நிக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே அங்க நோய் நின்னு போச்சு. டாக்டர் பட்டம் வாங்குன நம்மளால முடியாததை அந்த மேய்க்கறவங்க முடிச்சாங்க, இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாம சொல்லுவேன்.

இப்ப நாங்க பண்ணின தப்பைச் சொல்றேன், ஏன்னா நீங்க காசு அனுப்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். நான் இருந்த நிறுவனத்துக்கு ஒரு வருஷ முடிவுல பணம் மிச்சம் இருந்துச்சு, செலவு பண்ணலைன்னா திரும்பிப் போயிரும். ஒரு லாரி நிறைய மருந்து வந்து இறங்குச்சு, குடற்புழு மருந்து, ஆக்சிடெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக், ட்ரிப்பனோசோமாங்கற ரத்த ஒட்டுண்ணிக்கு டிமினசீன் எல்லாம், முகாம் முகாமா போய் மூணு நாள்ல இலவசமா குடுத்து முடிச்சோம், போட்டோ எடுத்தோம், கையெழுத்து போட்டவன் நான்தான். அந்தச் சுத்து வட்டாரத்துல ஏற்கனவே பயிற்சி எடுத்து, காசோ ஒரு கோழியோ வாங்கிக்கிட்டு ஊசி போட்டுட்டு இருந்த ஆள் ரெண்டு பேர் இருந்தாங்க. சும்மா கிடைக்கறதை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா, ரெண்டு பேரும் சும்மா உக்காந்தாங்க. ஒருத்தர் மருந்துப் பெட்டியை வித்துட்டு பைக் டாக்ஸி ஓட்டப் போயிட்டார். அடுத்த மழை ஆரம்பிச்சதும் தொண்டை அடைப்பான் வந்துச்சு, உங்களுக்கே தெரியும் அது வந்தா ஒரு நாள் கூட டைம் குடுக்காது, தாடை வீங்கி மூச்சு இழுத்து முடிஞ்சுரும். நாங்க குடுத்த மருந்து தீர்ந்து போயிருந்துச்சு, போட ஆளும் இல்ல. மழையில ரோடு போய் நாங்க போய்ச் சேர ஒன்பது நாள் ஆச்சு. ஒரே முகாம்ல நாப்பது மாட்டுக்கு மேல செத்துக் கிடந்துச்சு. அங்க ஒரு பெரியவர் என்கிட்ட கோபப்படல, அந்த பைக் ஓட்டப் போனவரோட பேரைச் சொல்லி, அவன் எங்கன்னு மட்டும் கேட்டார். அந்த வருஷ ரிப்போர்ட்ல எங்க இலவச விநியோகம் வெற்றின்னுதான் எழுதியிருந்துச்சு.

ஆப்கானிஸ்தான்ல இதை வேற மாதிரி பண்ணாங்க. டச்சு கமிட்டி ஃபார் ஆப்கானிஸ்தான்னு ஒரு அமைப்பு, சோவியத் படை வெளிய போற காலத்துல இருந்து, ஊர் ஊரா கால்நடை பணியாளர்களுக்குப் பயிற்சி குடுத்து சின்னச் சின்ன மையமா வெச்சு விட்டுச்சு, அவங்க மருந்துக்கும் வேலைக்கும் காசு வாங்குவாங்க. அரசாங்கம் மாறுச்சு, தாலிபான் வந்தாங்க, போனாங்க, திரும்ப வந்தாங்க, இந்த மாதிரி ஆளுங்க வேலை செஞ்சுக்கிட்டே இருந்தாங்க, ஏன்னா அவங்க சம்பளம் லண்டன்ல இருந்தோ ஆம்ஸ்டர்டாம்ல இருந்தோ வரல, பக்கத்து வீட்டு ஆட்டுக்காரர் கிட்ட இருந்து வந்துச்சு. 1990கள்லயே இந்த மையம் இருந்த பகுதியையும் இல்லாத பகுதியையும் ஒப்பிட்டுப் பாத்தப்ப, இருந்த இடத்துல குட்டியும் கன்னும் சாகறது கம்மியா இருந்துச்சு. காசு வாங்கறது கல்நெஞ்சம் மாதிரி தோணும், எனக்கும் முதல்ல தோணுச்சு. ஒண்ணுமே இல்லாத விதவைக்கும் அகதிக்கும் கூப்பன் மாதிரி குடுத்து, அந்தக் காசை அமைப்பு அந்த ஊசி போடறவருக்கே கட்டிடலாம், அப்படிச் செய்யறவங்களும் இருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டு இலவசமா கொட்டறதுதான் ஆபத்து.

ஆடு மாடு வாங்கிக் குடுக்கறோம்னு வர்ற விளம்பரத்துலயும் கொஞ்சம் நிதானம் வேணும். இந்தத் துறையில லெக்ஸ்னு சுருக்கமா சொல்ற ஒரு கையேடு இருக்கு, பேரிடர் காலத்துல கால்நடைக்கு என்ன எப்ப செய்யணும்னு, 2009ல முதல் பதிப்பு, 2023ல மூணாவது. அதுல திரும்பத் திரும்ப வர்ற விஷயம், புதுசா வாங்கிக் குடுக்கறதை விட இருக்கற தாய் ஆட்டையும் தாய் மாட்டையும் சாகாம காப்பாத்தறது முதல் வேலைங்கறது. நம்ம ஊர்லயும் 2011ல விலையில்லா ஆடு குடுத்தப்ப ஒரே தெருவுல நாலு நாலு ஆடு வாங்குன ரெண்டு வீட்டை எனக்குத் தெரியும். ஒரு வீட்டுல பட்டி இருந்துச்சு, மேய்க்க ஒரு பாட்டி இருந்தாங்க, நாலு வருஷத்துல இருபத்தி ரெண்டாச்சு. இன்னொரு வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஓசூர் கம்பெனிக்குப் போறவங்க, ஆட்டைப் பாக்க ஆள் இல்ல, ஒரு வருஷத்துக்குள்ள குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போயிருச்சு. சண்டை நடக்கற ஊர்ல இதைவிட ஒரு பயம் கூட இருக்கு, கூட்டமா மாடு வந்து சேர்ந்தா துப்பாக்கியோட ஓட்டிட்டுப் போக ஆள் வரும். ஜோங்லேயில மாட்டுக் கொள்ளையில செத்தவங்க நிறையப் பேர்.

நாய் விஷயம். விளம்பரத்துல இருந்த நாய்க்குட்டியைப் பாத்து மாமாவுக்கு கோபம் வந்திருக்கலாம், ஆனா நாய்க்குப் போடற ஊசிதான் நேரா மனுச உயிரைக் காப்பாத்தற ஊசி. உலகத்துல வருஷத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் வெறிநாய்க்கடியில சாகறாங்கன்னு கணக்கு, கிட்டத்தட்ட எல்லாமே நாய் கடிச்சு வர்றது, நூத்துல நாப்பது பேர் கிட்ட குழந்தைங்க. நோய் வெளிய தெரிஞ்சுட்டா அப்புறம் வைத்தியம் இல்ல. ஒரு ஊர்ல இருக்கற நாய்ல 70 சதவீதத்துக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டா பரவறது அறுந்து போகும், இது பல நாட்டுல செஞ்சு பாத்து நிரூபிச்சது. சண்டை நடந்த நகரத்துல குப்பை அள்ள ஆள் இருக்காது, ஜனங்க விட்டுட்டுப் போன நாய் தெருவுல பெருகும், ஆஸ்பத்திரியில கடிக்குப் போடற ஊசி இருக்காது. காபூல்ல விஷம் வெச்சு நாயைக் கொல்றது வழக்கமா இருந்துச்சு, கொன்னா அந்த இடத்துக்கு ஊசி போடாத வேற நாய் வந்து சேரும், அதனால நோய் குறையாது. மேஹ்யூன்னு லண்டன் அமைப்பு ஒண்ணு 2017ல காபூல் மாநகராட்சி கிட்ட பேசி விஷத்தை நிறுத்த ஒத்துக்க வெச்சு, உள்ளூர் ஆப்கான் டாக்டருங்களை வெச்சே தெரு நாய்க்கு தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. இந்த மாதிரி வேலைக்கு 500 ரூபா போனா மாமாகிட்ட நிமிர்ந்து நின்னு பதில் சொல்லலாம்.

கழுதைக்கு வர்றேன். நம்ம தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு ஓட்டு மெஷினையே கழுதை மேல ஏத்தித்தான் கொண்டு போனாங்கன்னு ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் பேப்பர்ல வந்துட்டு இருந்துச்சு, அந்த மலையில அப்ப கழுதை இல்லைன்னா அரிசியும் இல்ல. ஆப்கானிஸ்தான்ல செங்கல் சூளையில, தண்ணி சுமக்கற இடத்துல அதே கதைதான், அந்தக் கழுதை நொண்டினா அன்னைக்கு அந்த வீட்டுல அடுப்பு எரியாது. முதுகுப் புண்ணுக்கு பெரிய மருந்து ஒண்ணும் வேணாம். நான் இங்க ஒரு பொதிக் கழுதையோட முதுகைப் பாத்தேன், முதுகெலும்பு மேட்டுல ரெண்டு கை அகலத்துக்கு தோலே இல்ல, ஈ மொய்க்குது, சொந்தக்காரர் களிம்பு களிம்பா தடவிட்டு அதே சாக்கையே திரும்பப் போடறார். உப்புத் தண்ணியில கழுவிட்டு, வைக்கோல் திணிச்சு ரெண்டு நீள மெத்தை தைக்கச் சொன்னேன், முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் விழற மாதிரி, நடுவுல எலும்பு மேல எதுவும் படாம. மூணு வாரம் சுமை இறக்கி வெச்சார், அந்த மூணு வாரக் கூலி போச்சேன்னு அவர் பொண்டாட்டி என்னைத் திட்டுனாங்க, அதுக்கு அப்புறம் புண் திரும்ப வரல. ப்ரூக்னு ஒரு பிரிட்டிஷ் அமைப்பு இருக்கு, முதல் உலகப் போருக்கு அப்புறம் எகிப்துல விட்டுட்டுப் போன ராணுவக் குதிரைங்களுக்காக டோரதி ப்ரூக்ங்கற அம்மா 1934ல கெய்ரோவுல ஆஸ்பத்திரி தொடங்கினதுல இருந்து வந்தது, இப்ப அவங்க இந்த மாதிரி சேணம் தைக்கறவருக்கும் லாடம் அடிக்கறவருக்கும் சொல்லிக் குடுக்கறாங்க. இந்த வேலையில எனக்கு முழு நம்பிக்கை இருக்கு.

இனி சந்தேகத்துக்கு உரியது. மிருகக்காட்சி சாலையில மாட்டிக்கிட்ட சிங்கத்தையும் கரடியையும் மீட்கறது, நாய் பூனையை விமானத்துல ஏத்திக் கொண்டு போறது. 2017ல ஈராக்ல மோசுல் நகரத்துல மிச்சம் இருந்த ஒரு சிங்கத்தையும் ஒரு கரடியையும் ஃபோர் பாஸ்ங்கற விலங்கு நல அமைப்போட டாக்டர் அமீர் கலீல் உயிரைப் பணயம் வெச்சு ஜோர்டானுக்குக் கொண்டு போனார். கூண்டுக்குள்ள பட்டினி கிடக்கற ஜீவனுக்கு ஓடக்கூட வழி இல்ல, அதைப் பூட்டுனது மனுசன், அதனால காப்பாத்த வேண்டியதும் மனுசன்தான்னு நான் நினைக்கிறேன், ஆனா அந்தச் செலவுல எத்தனை ஆட்டுக்கு ஊசி போட்டிருக்கலாம்னு ஒருத்தர் கேட்டா அதுவும் நியாயமான கேள்விதான். 2021 ஆகஸ்ட்ல தாலிபான் காபூலைப் பிடிச்சப்ப நடந்தது இன்னும் கஷ்டம். அங்க நாய் பூனைக்கு ஆஸ்பத்திரி நடத்துன நௌசாத்ங்கற அமைப்போட நிறுவனர் பென் ஃபார்திங் நூத்தம்பதுக்கு மேல நாய் பூனைங்களோட தனி விமானத்துல பிரிட்டன் போய்ச் சேர்ந்தார், அவரோட ஆப்கான் பணியாளர்களை ஏர்போர்ட் வாசல்ல விடல, அவங்களும் குடும்பமும் அடுத்த மாசம் பாகிஸ்தான் வழியாத்தான் வெளிய வர முடிஞ்சுது. சரக்கு அடுக்கற இடத்துல போன நாய் மனுசன் சீட்டைப் பிடிக்கலைன்னு ஒரு பக்கம், அதுக்காகச் செலவான அதிகாரிங்க நேரமும் சிப்பாய்ங்க நேரமும் யாரோடதுன்னு இன்னொரு பக்கம், இன்னைக்கு வரைக்கும் வாதம் ஓடுது. என்னோட கருத்து, அந்த ஆஸ்பத்திரியில இத்தனை வருஷம் கத்துக்கிட்ட ஆப்கான் டாக்டருங்கதான் அந்த அமைப்போட பெரிய சொத்து, வாசல் திறந்திருந்தா முதல்ல அவங்கதான் போயிருக்கணும். நாய்ங்க மேல எனக்கு இரக்கம் இல்லாம சொல்லல.

ஆக காசு அனுப்பறதுக்கு முன்னாடி போட்டோவைப் பாக்காதீங்க, அவங்க ஆண்டு அறிக்கையை எடுத்து அங்க வேலை செய்யற டாக்டரும் உதவியாளரும் எந்த ஊர்க்காரங்கன்னு பாருங்க. வெளிநாட்டு ஆள் கிளம்பிட்டா மறுநாள் அங்க ஊசி போட யார் இருப்பாங்கன்னு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, ஒழுங்கான அமைப்பு பதில் போடும். எத்தனை மிருகத்தை "காப்பாத்துனோம்"ங்கற கணக்கு மட்டும் இருந்து எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை தடுப்பூசி, எவ்வளவு மருந்து காலாவதி ஆச்சுங்கற கணக்கு இல்லைன்னா எனக்கு மனசு வராது. வீடியோவுல அடிபட்ட குட்டியை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டி அவசரப்படுத்தற தனி ஆளுங்க பக்கத்துக்கு அனுப்பவே வேணாம், சில பேர் அந்த வீடியோவுக்காகவே குட்டியை அடிபட வெக்கறாங்க, இது உலகம் பூரா நடக்குது. வெளிநாட்டு அமைப்புக்கு நேரா அனுப்பினா 80ஜி வரிச்சலுகை கிடைக்காதுங்கறதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

நீங்க போறதைப் பத்தி. போங்க, ஆனா படிப்பு முடிச்ச உடனே வேணாம். அங்க ஸ்கேன் இருக்காது, லேப் இருக்காது, சீனியர் கிட்ட போன் போட்டுக் கேக்க டவர் இருக்காது, கண்ணும் கையும் மூக்கும்தான். குறைஞ்சது மூணு நாலு வருஷம் பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரி இடத்துல மலை கிராமத்துக்கு ஏறி இறங்கி வேலை பாருங்க, அடைப்பான்ங்கற ஆந்த்ராக்ஸையும் சப்பை நோயையும் தூரத்துல இருந்தே அடையாளம் தெரியணும், அடைப்பான்ல செத்த மாட்டை அறுக்கக்கூடாதுன்னு பசியில இருக்கற ஒரு ஊருக்கே புரிய வைக்கத் தெரியணும். இங்கிலீஷை விட அந்த ஊர் பாஷையில நூறு வார்த்தை முக்கியம், நான் முதல்ல கத்துக்கிட்டது மாட்டோட நிறங்களைத்தான், அதுக்கு அப்புறம்தான் முகாம்ல எனக்கு பால் குடுத்தாங்க. இன்னொரு வழியும் இருக்கு, தெற்கு சூடான்ல மலக்கால் ஊர்ல ஐநா அமைதிப்படையில இருக்கற நம்ம இந்திய ராணுவம் கால்நடை மருத்துவமனையே நடத்தியிருக்கு, ராணுவத்துல ரீமவுண்ட் வெட்டரினரி கோர்ங்கற கால்நடைப் பிரிவுல சேர்ந்தவங்களுக்கு அப்படியும் வாய்ப்பு வரும்.

2013 டிசம்பர்ல போர் ஊர்ல சண்டை வந்தப்ப எங்களை விமானத்துல ஏத்திட்டாங்க. ஊர் ஜனங்க நைல் ஆத்தைத் தாண்டி மிங்கமான் பக்கம் மரத்தடியில போய் உக்காந்தாங்க, ஆயிரக்கணக்குல. ஜனவரியில நான் கிருஷ்ணகிரியில இருக்கேன், ராயக்கோட்டை ரோட்ல ஒரு வீட்டுல மாட்டுக்கு கை விட்டு சினை பாத்துட்டு இருக்கேன், தெரியாத நம்பர்ல இருந்து போன். நாங்க பயிற்சி குடுத்த ஆள், அந்த பைக் ஓட்டப் போனவர் இல்ல, இன்னொருத்தர், யாரோட சாட்டிலைட் போனையோ வாங்கிப் பேசறார். படகுல ஏறும்போது மூட்டையை விட்டுட்டு மருந்துப் பெட்டியைத்தான் தூக்கிட்டு வந்தாராம். ஆடுங்க கழியுது, வாயில புண்ணு, மூக்கு ஒழுகுதுன்னார், கேட்ட உடனே ஆட்டுக்கொல்லிங்கற வைரஸ் நோய்னு தெரிஞ்சுது. அவர்கிட்ட ஆக்சிடெட்ராசைக்ளின் பதினோரு பாட்டில் இருந்துச்சு, அது வைரஸைக் கொல்லாது, கூட வர்ற நிமோனியாவுக்குத்தான்னு சொன்னேன், தெரியும், எந்த வயசு ஆட்டுக்கு முதல்ல போடட்டும், எடைக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்கன்னார். சினை ஆட்டுக்கும், இன்னும் தீனி எடுக்கற ஆட்டுக்கும் முதல்லன்னு சொல்லி அளவு சொன்னேன், நோய் கண்டதைத் தனியா ஒதுக்கி வெக்கச் சொன்னேன், பாதியில லைன் கட்டாயிருச்சு.

ஒரு விஷயம், இது போறதுக்காக இல்ல. மூணாவது வருஷம்னா நீங்க ஏற்கனவே நாயைத் தொட ஆரம்பிச்சிருப்பீங்க. கடிக்கு முன்னாடியே போடற வெறிநோய் தடுப்பூசி போட்டாச்சான்னு உங்க கேள்வியில இல்ல. போடலைன்னா இந்த வாரமே போட்டுக்கோங்க, அப்படியும் கடிச்சா 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவிட்டு மறுபடியும் ஊசிக்குப் போகணும். அப்புறம் தெற்கு சூடான் மாதிரி நாட்டுக்குப் போறதா முடிவானா மஞ்சள் காய்ச்சல் ஊசி சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, கிளம்பறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், அந்த மஞ்சள் அட்டை இல்லாம திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்லயே தனியா உக்கார வெச்சுருவாங்க.